சாலை மூடப்பட்டுள்ளது

தெருவே கூடி ஒரு பொய் சொல்லி, அந்தப் பொய் பலித்தும் போனால் எப்படி இருக்கும் என்று அண்ணியைத்தான் கேட்க வேண்டும். சமீபகாலம் வரை அவளே அந்தக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள் இல்லையா, அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

அவள் தெருவுக்கே அண்ணி. கொழுந்தன் கூப்பிடப் போய், அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டு, அவளைவிட ரொம்ப மூத்த தையல்காரர்கூட "அண்ணி, அந்த ஜாக்கெட் ரெடி" என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

பொய் இதுதான். பெரிய சாலையின் சிக்னலில் வண்டிகள் தேங்கினால், போனில் இருக்கிற மேப் லாரிகளை இந்தத் தெருவுக்குள் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. ஒரு லாரி வந்தாலே ஆள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய தெரு. உள்ளே வந்த லாரிக்காரன், தெருக்கோடியில் வாய்க்காலுக்கு இறங்குகிற படிக்கட்டைப் பார்த்துவிட்டு, யாரையோ திட்டிக்கொண்டே ரிவர்ஸில் போவான். அப்படிப் போன ஒரு லாரிதான் அண்ணியின் மாமனாரை வீட்டு வாசலிலேயே வைத்து இடித்தது. ஆயுள் முழுக்கப் பஸ் ஓட்டி ஒரு சைக்கிளைக்கூட உரசாத மனிதர். ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இன்னொன்று இருந்தும் பிரயோஜனம் இல்லை.

அதற்குப் பிறகு அண்ணி வீடு வீடாக ஏறி இறங்கினாள். "எல்லாரும் போனை எடுங்க. நம்ம ரோடை மூடியாச்சுன்னு மேப்புக்குச் சொல்லுங்க. நான் சொல்ற இடத்துல அமுக்குங்க." அமுக்கினார்கள். மறுநாளும் அமுக்கினார்கள். கடைசியில் தெருவின் மேல் சிவப்பாக ஒரு குறி விழுந்தது: சாலை மூடப்பட்டுள்ளது. லாரிகள் நின்றுபோயின. தையல்காரர் தன் கைக்காசில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது தெருமுனையை ஒட்டியிருக்கிற குடோன்காரர்கள் தங்கள் காம்பவுண்டை இழுத்து, தெருவின் வாயை அடைக்கப் போகிறார்கள். வருடக்கணக்காக மூடிக் கிடக்கிற வழி, யாருக்கும் பயன்படாத வழி என்று அவர்கள் காட்டிய அத்தாட்சி அதே மேப்தான். இன்றைக்குச் சாலைப் பிரிவிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்ப்பார். சரி என்றால் சுவர். சுவர் வந்தால், அண்ணி மாமா என்று கூப்பிடுகிற அந்த மனிதர் வீட்டுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் கிடக்க வேண்டியதுதான். சக்கர நாற்காலிக்குப் படி இறங்கத் தெரியாது.

*

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போடுங்களேன்" என்றாள் அண்ணி, காலையில், புருஷனிடம்.

அவன் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவனுக்குப் பெரியவன் என்று பெயர். வேலை, அதே குடோனில். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.

"போட்டு?"

"அந்த மேடம் வரும்போது பக்கத்துல நில்லுங்க. உங்க அப்பாதானே அவரு."

"நான் பக்கத்துல நின்னா எதிர்ல யாரு நிப்பாங்க தெரியுமா? என் சூப்பர்வைசர். அவர் மொகத்தைப் பார்த்துக்கிட்டு நான் என்ன பேசறது, சொல்லு."

"வாயைத் திறக்க வேணாம். சும்மா நின்னாப் போதும்."

"சும்மா நின்னதுக்குத்தான் போன மாசம் ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பினாங்க."

அடுத்த அறையில் மாமா இருமினார். அது இருமல் இல்லை. நான் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன், பார்த்துப் பேசுங்கள் என்று அர்த்தம். அண்ணி குரலை இறக்கினாள்.

"உங்க அப்பா வெளிய போற வழிங்க அது. சாயங்காலம் ஒரு தடவை பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் உக்காந்துட்டு வர்றார். அதுக்காகத்தான் காலையில கண்ணையே திறக்கறார்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா நில்லுங்க."

"வேலை போச்சுன்னா?" அவன் நிமிர்ந்தான். "வழி இருக்கும். போறதுக்கு வீடு இருக்காது. வாடகை கட்டாதவனுக்கு எந்தத் தெரு திறந்திருந்தா என்ன?"

அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தப்பாகப் பேசியிருந்தால் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பாள். டம்ளரில் ஊற்றிய டீ அப்படியே ஆறிப்போய் இருக்க, அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

*

அண்ணிக்கு வேலை ஒரு கூரியர் ஆபீஸில். வருகிற பார்சல்களை ஏரியா வாரியாகப் பிரித்து ரேக்கில் அடுக்க வேண்டும். டெலிவரி பண்ணுகிறவர்கள் வந்து மூட்டையாக அள்ளிக்கொண்டு போவார்கள். எல்லோருடைய வண்டி ஹேண்டில்பாரிலும் ஒரு போன் மாட்டியிருக்கும். அது போ என்றால் போவார்கள், திரும்பு என்றால் திரும்புவார்கள்.

அண்ணியின் திட்டம் எளிது. நம் தெருவில் வண்டியே ஓடாததால்தான் மேப் அதை மூடிய தெரு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கொழுந்தன் ஒரு வாரமாக "திறந்திருக்கிறது, திறந்திருக்கிறது" என்று எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறான்; மேப் நம்பவில்லை. ஒரு வண்டிகூடப் போகாத தெருவைத் திறந்திருக்கிறது என்று ஒருத்தன் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? அதனால் இன்றைக்கு வண்டி ஓட்டிக் காட்டிவிட வேண்டும்.

"போற வழியில எங்க தெருவுக்குள்ள ஒரு தடவை போய் வாங்கப்பா. அவ்வளவுதான் கேக்கறேன்."

ரேக்குக்கு முன்னால் நின்ற கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க" என்றான் ஒருவன். "ரூட்டை விட்டு நகர்ந்தா உடனே போன் வருது. எங்க போறே, ஏன் போறேன்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது?"

"வழி தப்பிட்டேன்னு சொல்லு."

"மேப்பைப் பார்த்துப் போறவன் எப்படி அண்ணி வழி தப்புவான்?"

கேள்வி நியாயமான கேள்வி. மற்றவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் தாடி, அந்த ஆபீஸில் எல்லோரையும்விடப் பழைய ஆள். இன்னொருத்தி ஹெல்மெட். டீ குடிக்கும்போதுகூடத் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாத பெண்.

"நாங்க வர்றோம்" என்றார் தாடி. "ஆனா ரெண்டு பைக்கு போனா அதை ரோடுன்னு நம்புமா? ஒரு காராவது போகணும் இல்ல?"

அண்ணி அதற்கும் ஏற்பாடு செய்திருந்தாள். தையல்காரரின் மச்சான் ஒரு வேன் வைத்திருந்தார். மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்கு நடந்துகொண்டே அவருக்குப் போனில் வழி சொன்னாள். "மேப்பைப் பார்க்காதீங்க, அது ரோடே இல்லைன்னு காட்டும். டயர் கடை வரும், தாண்டுங்க. நீலக் கதவு போட்ட கிளினிக் வரும், கதவு மட்டும்தான் நீலம், போர்டு விழுந்து ரொம்ப நாளாச்சு. அதுக்கு அப்புறம் ஒரு கம்பம் சாய்ஞ்சு நிக்கும். அது எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கோ அந்தப் பக்கம் திரும்புங்க."

கம்பம் வரைக்கும் அவர் சரியாக வந்துவிட்டார். அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, உள்ள போக வழியே இல்லையே?"

அண்ணி ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பார்த்தாள். தெருமுனையில் கான்கிரீட் பலகைகள் அடுக்கடுக்காக இறங்கியிருந்தன. சுவர் கட்டுவதற்கு ஆயத்தமாகக் குடோனிலிருந்து கொண்டுவந்து வைத்தவை. ஒரு பைக் போகலாம், சக்கர நாற்காலி போகலாம். வேன் போகாது. மண்ணில் ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தின் தடம் புதிதாக இருந்தது.

குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். மற்ற இரண்டு பேரில் யாராவதுதான் வந்திருக்க வேண்டும் என்று அண்ணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

*

தாடியும் ஹெல்மெட்டும் சொன்னபடி வந்தார்கள். பெரிய சாலையிலிருந்து உள்ளே வந்து, படிக்கட்டு வரை போய், திரும்பி, மறுபடி வெளியே போய், மறுபடி வந்தார்கள். தெருவில் பைக் வைத்திருந்த நாலைந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். மாமா தானும் வருவேன் என்றார். அவர் போனை மடியில் வைத்து அண்ணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக, பின்னால் வந்த தாடி ஹார்ன் அடித்து, "பெரியவரே, சைடு குடுங்க" என்றார்.

"ஓவர்டேக் பண்ணாதே. இது குறுகல் ரோடு" என்றார் மாமா.

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். பல நாளைக்குப் பிறகு அந்தத் தெருவில் கேட்ட சிரிப்பு. அண்ணிக்கும் சிரிப்பு வந்தது. கூடவே, இது நடந்துவிடும் போலிருக்கிறதே என்கிற ஆசையும் வந்துவிட்டது. ஆசை வந்ததுதான் அன்றைக்கு அவள் செய்த பெரிய தப்பு.

கொழுந்தன் வீட்டு வாசற்படியில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். போன் விற்கிற கடையில் வேலை. ஆனால் வீட்டில் அவனுக்குச் சர்வேயர் என்று பட்டப்பெயர். அரசாங்க வரைபடத்தில் அந்தத் தெரு இருக்கும் இடம் இன்றைக்கும் வெறும் வெள்ளைக் கட்டம்தான். மேப்பில் அதைக் கோடு போட்டு வரைந்தவன் அவன். தையல் கடை, தெருக்குழாய், கல் பெஞ்சு எல்லாம் அவன் வைத்த புள்ளிகள். அந்த மேப்பைக் காட்டித்தான் தெருவுக்கு விலாசமே கிடைத்தது. குஷி தாங்காமல் ஒரு நாள் தங்கள் வீட்டைக்கூட "சிறந்த டீ" என்று போட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டான். யாரோ முன்பின் தெரியாத இரண்டு பேர் கதவைத் தட்டி, சீனி கம்மியாக என்று சொன்னார்கள்.

"அண்ணி" என்று கத்தினான் சர்வேயர். "ஏத்துக்கிச்சு."

எல்லோரும் ஓடி வந்தார்கள். போனில் பச்சையாக ஒரு டிக் அடையாளம். உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது. தெருவின் மேலிருந்த சிவப்புக் குறியைக் காணவில்லை. தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு அப்படியே கையெடுத்துக் கும்பிட்டார், யாரை என்று தெரியவில்லை. ஹெல்மெட் பெண் முதல் தடவையாக ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

மாமா போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏண்டா சின்னவனே, மத்த ரோடெல்லாம் முழுசா இருக்கு. நம்மளுது மட்டும் ஏன் விட்டு விட்டு இருக்கு?"

சர்வேயர் திரும்ப வாங்கிப் பார்த்தான். விரலால் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணி போனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, சொல்லேன்."

"நடைபாதைன்னு மாத்திடுச்சு அண்ணி." அவன் போனைத் தாழ்த்திப் பிடித்தான். "கார் எதுவும் வரலை. பைக்கும், நடக்கிற வேகத்துல போற போனும்தானே போச்சு. அதனால இது ரோடு இல்ல, ஆளுங்க நடந்து போற பாதைன்னு முடிவு பண்ணிடுச்சு."

"மறுபடி மாத்து."

"அனுப்பறேன். பார்த்துச் சொல்ல நாளாகும்."

நாள் எங்கே இருக்கிறது? சாய்ந்த கம்பத்துக்குக் கீழே அதிகாரியின் கார் வந்து நின்றுகொண்டிருந்தது.

*

அதிகாரி சின்ன வயதுப் பெண். வெயிலுக்குத் தொப்பி, கையில் மேப் பார்க்கிற டேப்லெட். எரிந்து விழுகிற ரகமாக இருக்கும் என்று எதிர்பார்த்து, அதற்குத் தகுந்த பதில்களை அண்ணி தயார் செய்து வைத்திருந்தாள். அந்தப் பெண்ணோ வந்தவுடன், "எல்லாரையும் காக்க வச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றது. அண்ணி தயார் செய்ததெல்லாம் வீணாகிப்போனது. குடோன் சூப்பர்வைசர் அதிகாரிக்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்க படத்துல இந்தத் தெருவே இல்லைம்மா. அதனால மேப்பைத்தான் பார்க்க வேண்டியிருக்கு" என்றாள் அதிகாரி. "ரொம்ப வருஷமா மூடியிருக்குன்னு நேத்து வரைக்கும் காட்டிச்சு. இன்னிக்குப் பார்த்தா நடைபாதைன்னு காட்டுது."

"மேடம், இந்த ரோடை யாரும் மூடவே இல்ல." அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நாங்கதான் மூடிடுச்சுன்னு பொய் சொன்னோம். நான்தான் எல்லாரையும் சொல்ல வச்சேன். லாரி வந்து இவர் காலை எடுத்துடுச்சு. இன்னொருத்தர் காலும் போக வேணாமேன்னு சொன்னோம்."

அதிகாரி மாமாவின் நாற்காலியைப் பார்த்தாள். மாமா வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"புரியுதும்மா. நிஜமாவே புரியுது. ஆனா நீங்களே யோசிங்க. அப்போ எல்லாரும் சேர்ந்து சொன்னது பொய். இப்பவும் எல்லாரும் சேர்ந்துதான் சொல்றீங்க. எதை நான் எழுதறது?"

அண்ணி திரும்பித் தெருக்காரர்களைப் பார்த்தாள். அவர்கள் அண்ணியைப் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணு பண்றேன்" என்றாள் அதிகாரி. "நடைபாதைன்னு இப்போ இருக்கறதால, சுவர்ல ஆள் போற அளவுக்கு ஒரு வழி விடணும்னு எழுதறேன். உங்களை முழுசா அடைக்க விடமாட்டேன்."

"பைக் புகுந்துடும் மேடம்" என்றார் சூப்பர்வைசர் பின்னாலிருந்து.

"சரி, பைக் வராதபடி வளைச்சு விடுங்க. ரெண்டு பலகையை முன்ன பின்ன வச்சு."

"அப்போ இவர் எப்படி மேடம் போவார்?" அண்ணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து அவர்கள் முன்னால் தள்ளினாள். "இது வளையாதே."

அதிகாரி டேப்லெட்டைப் பார்த்தாள். "அவருக்குத்தான் பின்பக்கம் ரோடு இருக்கே. வாய்க்கால் ரோடுல போய்ச் சேருது. இதோ, தெளிவா இருக்கே."

"பின்பக்கம் படிக்கட்டு மேடம்."

"இல்லையே. ரோடுன்னுதான் போட்டிருக்கு. இது ரொம்பப் பழைய பதிவு. யாரும் தப்புன்னு சொல்லவே இல்லை."

டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். விட்டு விட்டு வந்த கோடு தெருக்கோடியில் முழுக்கோடாகி, படிக்கட்டு இருக்கிற இடத்தைச் சளைக்காமல் தாண்டி, கீழே வாய்க்கால் சாலையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் வரைந்த கோடு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சர்வேயரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முட்டுச்சந்துன்னு வந்துடக் கூடாதுன்னு போட்டேன்" என்றான் அவன், தரையைப் பார்த்து. "முதமுதல்ல வரைஞ்சப்போ. கடையில எல்லாரும் கேலி பண்ணுவாங்கன்னு."

அண்ணிக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க ஒன்று விளங்கிக்கொண்டே வந்தது. வழி இருக்கிறது என்று நம்பித்தான் லாரிகள் உள்ளே வந்தன. வழி இல்லை என்று கண்டுதான் ரிவர்ஸில் போயின. மூடிவிட்டதாகச் சொல்லலாம் என்று அவள் சொன்ன அன்றைக்கு, மேப் விஷயத்தில் பெற்ற அப்பனிடமே சண்டை போடுகிற இவன் மறுபேச்சில்லாமல் ஏன் தலையாட்டினான் என்பதும் விளங்கியது. படிக்கட்டைப் படிக்கட்டு என்று திருத்தியிருந்தால் லாரி தானாக நின்றிருக்கும். தெருவே பொய் சொல்லியிருக்க வேண்டாம்.

"அப்போ லாரிங்க வந்தது உன்னாலதானா?" என்று கேட்டாள்.

அவன் போனை அணைத்துப் பையில் போட்டான்.

"எனக்குத் தெரியும், விடும்மா" என்றார் மாமா.

அண்ணி அவரைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்து அந்த லாரிக்காரப் பையன் போனைக் காட்டி அழுதான். பாருங்கய்யா, இதுல ரோடு போகுதே, நான் என்ன பண்ணட்டும்னு. பார்த்தேன். சின்னவன் போட்ட கோடுதான். அவனை மாதிரியே நேராப் போய் விழுந்திருந்துச்சு." மாமா சர்வேயரின் தோளுக்குக் கை நீட்டினார், எட்டவில்லை. "சொல்லி என்ன பண்றது? கால் முளைக்கவா போகுது?"

சர்வேயர் அங்கே நிற்காமல் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டான். அதிகாரியும் போய்ப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அது நிஜம்.

"படிதான்மா. நானே பார்த்துட்டேன். ஆனா மாற்று வழி இருக்குன்னு ஃபைல் மேல வரைக்கும் போய் முடிஞ்சாச்சு. மேப்புல அதைத் திருத்துங்க. திருத்தினதும் ஒரு மனு குடுங்க. நான் கண்டிப்பா பார்க்கிறேன்."

"அதுக்குள்ள சுவர் வந்துடுமே மேடம்."

அதிகாரி டேப்லெட்டில் விரலால் எதையோ எழுதினாள். சூப்பர்வைசர் குடோன் பக்கம் திரும்பிக் கையை அசைத்தார்.

*

அந்தக் காலத்துச் சுவராக இருந்தால் செங்கல் வைத்து, பூசி, காய வைத்து, நாலு நாள் இழுக்கும். இது தயாராக வார்த்து வந்த பலகை. தூணை நட்டு, பலகையைத் தூக்கி, இடுக்கில் இறக்கினால் ஆயிற்று. வெயில் தாழ்வதற்குள் முக்கால்வாசி எழுந்துவிட்டது.

பலகைகளைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது ஃபோர்க்லிஃப்ட். ஓட்டுகிறவன் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். எவ்வளவு இழுத்துவிட்டால்தான் என்ன, காலையில் அந்தத் தொப்பியை ஆணியிலிருந்து எடுத்ததைப் பார்த்தவள் அவள். அண்ணிக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஓடிப்போய் அந்த வண்டியின் சாவியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிய வேண்டும் போலிருந்தது. எறிந்தால் மற்ற இரண்டு பேரில் ஒருத்தன் வருவான். இவனுக்கு வேலை போகும்.

"பெரியவனா அது?" என்று கேட்டார் மாமா.

அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள்.

மாமா கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்தார். "நல்லாத்தான் ஓட்டறான். ஆட்டமே இல்லாம இறக்கறான் பாரு" என்றார். சொல்லிவிட்டு, "எனக்கு நேரமாச்சும்மா. பஸ் ஸ்டாப்புக்குப் போலாம்" என்றார்.

"இன்னிக்குமா மாமா?"

"இன்னிக்குத்தான்."

தள்ளிக்கொண்டு போனாள். கடைசிப் பலகை விழ வேண்டிய இடம் மட்டும் இன்னும் திறந்திருந்தது. அதன் வழியாக நாற்காலி வெளியே வரும்போது ஃபோர்க்லிஃப்ட் நின்று வழிவிட்டது. பெரியவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே கடந்து போனாள். அவன் தலையைத் தூக்கவே இல்லை.

பஸ் ஸ்டாப்பில் வழக்கமான இடம், பெஞ்சுக்குப் பக்கத்தில். பஸ்கள் வந்தன, போயின. பழைய டிரைவர்கள் இரண்டு பேர் வழக்கம்போல ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள். மாமாவும் வழக்கம்போலக் கையைத் தூக்கினார். எதுவுமே நடக்காத ஒரு நாள் மாதிரி இருந்தது.

சர்வேயர் ஓடி வந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அண்ணி, அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. சீக்கிரம். அண்ணன் கடைசிப் பலகையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். அப்பா உள்ள வந்தாத்தான் இறக்குவேங்கறான். சூப்பர்வைசர் கண்டபடி கத்தறாரு. இறக்கலைன்னா நாளைக்கு வராதேன்னுட்டாரு."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். தெருமுனையில் பலகை அந்தரத்தில் நின்றது. அதைத் தாங்கிப் பிடித்தபடி, வண்டிக்குள் தொப்பி. புருஷன் மேல் இருந்த அவ்வளவு கோபமும் அந்த ஒரு நிமிஷம் எங்கேயோ போய்விட்டது. அவனால் முடிந்தது அவ்வளவுதான். அதைச் செய்துகொண்டிருந்தான்.

"வாங்க மாமா, போலாம்."

நாற்காலியைத் திருப்பப் போனாள். நகரவில்லை. மாமா பிரேக்கைப் போட்டு, அதன் மேல் கையை வைத்திருந்தார்.

"நான் வரலைம்மா."

"விளையாடாதீங்க மாமா. அங்க அவர்..."

"உள்ள போனா அப்புறம் நான் வெளிய வர்றது ஒரே ஒரு தடவைதான். அதுக்கும் நாலு பேர் தூக்கிக்கிட்டு வரணும். அந்த வளைஞ்ச சந்துல நாலு பேர் சேர்ந்து வர முடியாது." மாமா சாதாரணமாகத்தான் சொன்னார், பஸ் லேட் என்று சொல்வதைப் போல. "சின்னவனே, போய் அண்ணனை இறக்கச் சொல்லு. வேலை போயிடப் போகுது."

சர்வேயர் அண்ணியைப் பார்த்தான். அண்ணி என்ன சொல்வாள்? உள்ளே அடுப்பில் பால் வைத்த பாத்திரம், துவைத்துக் காயப்போட்ட துணி, மாமாவின் மாத்திரை டப்பா எல்லாம் அப்படியே இருக்கின்றன. வெளியே இருப்பது இந்த நாற்காலியும் இந்தப் பெஞ்சும்தான்.

"போடா" என்றார் மாமா.

அவன் போனான். பாதி வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். தெருமுனையில் பேச்சுக் குரல் கேட்டது. பெரியவன் வண்டியிலிருந்து எட்டி, முதல் தடவையாக, பஸ் ஸ்டாப் பக்கம் பார்த்தான். மாமா கையைத் தூக்கி, இறக்கு இறக்கு என்று சைகை காட்டினார், ரிவர்ஸ் வருகிற வண்டிக்குக் காட்டுவதைப் போலவே.

பலகை இறங்கியது.

அண்ணி நாற்காலியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளால் அந்தச் சந்தில் புகுந்து எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போகலாம். கைப்பிடியை விட்டால் போதும்.

இறக்கு என்று மாமா காட்டிய கையைத் தனக்கென்று நினைத்தோ என்னவோ, ஒரு பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, நாற்காலி ஏறுவதற்காகச் சரிவுப் பலகையை இழுத்துப் போட்டார். தினமும் பார்த்துவிட்டு ஹார்ன் அடித்துப் போகிறவர்களில் ஒருவர்.

"இன்னிக்கு ஏறறீங்களா சார், நல்லது" என்று மாமாவிடம் சிரித்தார். பிறகு அண்ணியைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கம்மா போகணும்?"